பெரியவர் ஐந்து பேர்

என் வயதுக்காரர்களே, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிறவர்களே, இது உங்களுக்குத்தான். வட்டக்கச்சியில் என்னோடு ஒரே வாங்கில் நெருக்கி இருந்து ஏழாம் வகுப்புப் படித்த நீங்கள் இன்று உலகத்தின் எல்லா மூலையிலும் மூட்டுவலியோடு இருக்கிறீர்கள். நாங்கள் காடு பார்க்கப் போன கதையைக் கலியாண வீடுகளில் என் வாயால் ஆளுக்கு மூன்று தடவையாவது கேட்டிருப்பீர்கள். நாலாவது தடவையும் கேளுங்கள். இந்த முறை முடிவு கொஞ்சம் வேறு.

எண்பதுகளின் தொடக்கம். பாலைப்பழக் காலம். மஞ்சள் முத்துப் போன்ற அந்தப் பழத்தைப் பத்துத் தின்றால் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வகுப்பு அமைதியாக இருந்தது ஆண்டில் அந்த ஒரு மாதம்தான். விஞ்ஞான மாஸ்டருக்கு அதில்தான் தைரியம் வந்திருக்க வேண்டும். பறவைகளையும் பாலூட்டிகளையும் நேரில் அவதானிக்க எங்களை இரணைமடுவுக்குப் பின்பக்கத்துச் சரணாலயத்துக்குக் கூட்டிப் போவதாக அறிவித்தார். பயணம் ட்ரக்டர் பெட்டியில். குலுக்கலில் என் புட்டும் சம்பலும் அரை வழியிலேயே ஒன்றாகிவிட்டன.

அதிபரின் அலுமாரியில் பூட்டிக் கிடந்த தொலைநோக்கியையும் மாஸ்டர் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். அதற்கு ஒரு கண் குருடு. மற்றக் கண்ணில் அன்றைய முதல் பறவையை நான்தான் கண்டேன். கறுப்பு உடம்பு, மெல்லிய மூன்று கால். வானத்தைப் பார்த்தேன், அங்கே இருந்தது. குளத்தைப் பார்த்தேன், அங்கேயும் இருந்தது. மாஸ்டரின் முதுகைப் பார்த்தேன், அதிலும் குந்தியிருந்தது. "பெயர் தெரியாத அபூர்வப் பறவை, எங்களைப் பின்தொடர்கிறது" என்று கொப்பியில் எழுதினேன்.

பக்கத்தில் இருந்த மச்சாள் தொலைநோக்கியைப் பறித்துப் பார்த்தாள். மாமாவின் மகள், என் வகுப்புத்தான், படம் கீறுவதில் சூரி.

"டேய் மொக்கா, உது கண்ணாடிக்குள்ளை பிடிச்ச பூஞ்சணம்."

"பூஞ்சணத்துக்குக் கால் இருக்குமோடி?"

"உனக்கு மூளை இருக்குமெண்டால் அதுக்குக் கால் இருக்கும்."

அவளுக்கு வரைபடம் கீறும் வேலை, எனக்குக் குறிப்பு எழுதும் வேலை. என் கையெழுத்து அழகு என்பதால் அல்ல. எழுதுகிறவன் வாய் பேசமாட்டான் என்று மாஸ்டர் நம்பியதால்.

சரணாலயத்தின் வாசலில் ஒரு மஞ்சள் பலகை. முக்கால்வாசியைத் துரு தின்று 'சரணா' மட்டும் மிஞ்சியிருந்தது. அதனடியில் காவலாளி நின்றார். காக்கிச் சட்டை இரண்டு அளவு பெரிது. முன்பிருந்த காவலாளி விட்டுப்போனது அது. இவர் இன்னும் நாட்கூலி. நிரந்தரமானால்தான் சொந்தச் சட்டை கிடைக்கும். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயம் வீடுகள் எரிந்தபோது மனைவியோடும் கைக்குழந்தையோடும் வன்னிக்கு வந்தவர். அவர் மாஸ்டரிடம் முதலில் பேசியதே அந்த நிரந்தரத்தைப் பற்றித்தான்.

"சார், பள்ளிக்கூடத்துலருந்து ஒரு நல்ல கடுதாசி போனா மேலிடத்துல நிரந்தரம் பண்ணுவாங்களாம். நிரந்தரம்னு ஒரு காகிதம் இருந்தா, எந்திரிச்சுப் போன்னு யாரும் சொல்ல முடியாதுங்களே."

"அதுக்கென்ன, பிள்ளையளின்ரை குறிப்பையே அனுப்பி விடுறன்" என்றார் மாஸ்டர்.

காவலாளி கும்பிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பலகை தாண்டினா யாரு பேரும் சொல்லக் கூடாதுங்க. பேரு சொன்னா கூப்பிட்ட மாதிரி. கூப்பிட்டா வந்துருவாங்க."

உடையார்கட்டுப் பக்கத்துத் தேன் எடுக்கிறவர்களிடம் அவர் கற்ற காட்டு வழக்கம் அது. அவர்களே இரண்டு தடவைக்கு ஒரு தடவை மறந்துவிடுவார்கள். இவர் மறக்கமாட்டார். வந்தேறிய இடத்தின் சட்டத்தை அந்த இடத்துக்காரனைவிட இறுக்கமாகப் பிடிப்பது எப்படியென்று, பிறகு குளிர் தேசம் ஒன்றில் குப்பையை ஐந்து நிறப் பைகளில் பிரித்துப் போட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. "என்ன மூடநம்பிக்கை! விஞ்ஞானத்திலை பேர் பேர்தான்" என்றபடி பலகையைத் தாண்டி மார்பை நிமிர்த்தினார். "இப்ப நான் சொல்லுறன், கேளுங்கோ. யா..."

பற்றைக்குள் ஏதோ படாரென்று முறிந்தது.

"யா... யாரும் சத்தம் போடாதேங்கோ, பிள்ளையள்" என்று முடித்தார். அதோடு காலில் பழைய சுளுக்கு ஒன்று ஞாபகம் வந்து, சாப்பாட்டுக்குக் காவல் இருப்பதாகச் சொல்லி ட்ரக்டர் பெட்டிக்குத் திரும்பிவிட்டார். அன்று முழுவதும் மாஸ்டர் அவதானித்த பாலூட்டி மந்தி மட்டும்தான். அதுவும் அவருடைய சாப்பாட்டுப் பார்சலோடு ஓடும்போது.

ஆகவே, அடுத்த முடக்கில் காவலாளி எங்களுக்குச் சொன்ன பட்டப்பெயர்களை மாஸ்டர் கேட்கவில்லை. இதை ஞாபகம் வைத்திருங்கள்.

"தும்பிக்கை இருக்கவரு பெரியவரு. மரமேறிப் பழம் திங்கிறவரு கம்பளிக்காரரு. மூக்கால மண்ணு கிண்டுறவரு உழவரு."

"பறவையளுக்கு?" என்று மச்சாள் கேட்டாள்.

"அதுகளுக்கு இருக்கிற பேரையே சொல்லலாம் பாப்பா. பறக்கிறது எதுவும் திரும்பி வந்து சண்டை புடிக்காது."

"எழுதலாமோ?" என்று நான் கேட்டேன்.

இதை அவரிடம் யாரும் அதுவரை கேட்டதில்லைப் போலும். நின்று யோசித்தார். "எழுத்துக்கும் காது இருக்கும் தம்பி. வேணாம். பட்டப்பேரையே எழுதிக்குங்க. வீட்டுக்குப் போயி மாத்திக்கலாம்."

இடுப்பில் ஒரு துணி முடிச்சில் அவர் சாம்பல் வைத்திருந்தார். பத்தடிக்கு ஒருமுறை அதை உதறுவார். சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துத்தான் வழி. எங்கள் வாசனை யாருக்கும் முன்னால் போய்விடக்கூடாது. காலையில் பூசிய தேங்காயெண்ணெய்க்காக என்னைக் கடைசியாக நடக்க வைத்தார்.

அந்த நடையில் கண்டவை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன. பாம்புத்தாரா ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து கழுத்தை மட்டும் நீட்டி, மீனை மேலே எறிந்து தலைப்பக்கமாக விழுங்கியது. கூழைக்கடாக்கள் கந்தோரில் கையெழுத்துக்குக் காத்திருப்பவர்கள்போல வரிசையாக நின்றன. ஒரு பாலை மரத்தின் உச்சியில் கரிய மயிர்க் கோளம் ஒன்று கொப்பை முறித்து மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் போலவே உதடு ஒட்ட ஒட்டப் பழம் தின்றது. அதுதான் கம்பளிக்காரர். அது மூச்சு விடுவது பழைய சைக்கிள் பம்ப் அடிப்பதுபோலக் கேட்டது. மரத்தடியில் புதிதாகக் கிளறிய மண் மணத்தது. உழவர் கூட்டம் முந்திப் போயிருந்தது.

பிறகு சின்னக் குளம். ஆட்காட்டிக் குருவி ஒன்று எங்களைக் கண்டு கத்தத் தொடங்கியது. காவலாளி கையைத் தாழ்த்தினார், எல்லோரும் குந்தினோம். எதிர்க்கரையில் காட்டின் ஒரு பகுதி கழன்று தண்ணீருக்கு வந்தது. ஐந்து பேர். அவ்வளவு பெரிய உடம்புகள், ஒரு சருகுச் சத்தம் இல்லை. ஒருவருக்கு மட்டும் கொம்பு இருந்தது, வெள்ளையாக இரண்டு. நடுவில் ஒரு குழந்தை. அதற்குத் தும்பிக்கையை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. சுழற்றியது, மிதித்தது, கடைசியில் ஆட்டுக்குட்டி போல முழங்காலில் நின்று வாயாலேயே குடித்தது. நான் சிரித்துவிட்டேன். மச்சாள் என் தொடையில் கிள்ளினாள். கொம்புக்காரர் செவியை விரித்து எங்கள் பக்கம் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, இதுகள் ஒன்றுக்கும் உதவாத கூட்டம் என்று முடிவு செய்தவர்போலத் திரும்பிப் போனார். வீட்டிலும் என்னைப் பற்றி அதே முடிவுதான். ஆனால் அவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போய்ப் பெயர்களை மாற்றி எழுத வேண்டும் என்பது எனக்கு நல்ல ஞாபகம். அன்று களைப்பு. அடுத்த நாள் கிளித்தட்டு விளையாட்டு. மூன்றாம் நாள் மாஸ்டர் கொப்பியைக் கேட்டார், அப்படியே கொடுத்தேன். தான் போகாத இடத்துக்குப் போனதற்கான அத்தாட்சி அல்லவா, மாஸ்டரும் ஒரு வரி வாசிக்காமல் "என் மேற்பார்வையில்" என்று கையெழுத்து வைத்து, காவலாளிக்கு நற்சான்றாக மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

மேலிடத்தில் அதைப் பிரித்த அதிகாரி வேறு கந்தோரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். மரம் என்று அவருக்குப் பழக்கமானது அவருடைய மேசை மட்டும். அவர் வாசித்தது இது:

"காலை எட்டு மணி. கம்பளிக்காரர் ஒருவர் பாலை மரத்தில் ஏறிக் கொப்புகளை முறித்தார். காவலாளி அவரைத் தடுக்கவில்லை. எட்டரை மணி. உழவர் கூட்டம் நிலத்தைக் கிளறிவிட்டுப் போயிருந்தது. காவலாளி இது வழமை என்றார். ஒன்பது மணி. ஆட்காட்டி எங்களைக் காட்டிக்கொடுத்தது. பெரியவர் ஐந்து பேர் ஒரு குழந்தையோடு வந்து தண்ணீர் குடித்தனர். அவர்கள் போகும்வரை ஒளிந்திருக்கும்படி காவலாளி எங்களுக்குச் சொன்னார்."

மூன்றாம் கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஜீப் வந்தது. அதிபர் எங்களைப் பார்த்த பார்வையில், தொலைநோக்கியின் மற்றக் கண்ணையும் உடைத்தது தெரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். (ஓம், உடைத்ததும் நான்தான்.) மாஸ்டர், எழுதிய நான், வரைபடம் கீறிய மச்சாள், மூவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அதிகாரி காட்டுக்குப் போனார். பலகையைத் தாண்டி, ஒரு பெரிய பாலை மரத்தடியில் காவற்கொட்டில். காவலாளி நல்ல செய்தி வந்துவிட்டது என்று நினைத்து, தோய்த்த சட்டையோடு ஓடி வந்தார். அவருடைய மனைவி பால் விடாத பிளேன்ரீ ஊற்றி வைத்திருந்தார். சின்ன மகள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

அதிகாரி கொப்பியை மேசையில் போட்டார்.

"மரம் முறிக்கிறாங்கள். காட்டுக்குள்ளை கமம் செய்யிறாங்கள். அஞ்சு பேர் வந்து தண்ணி குடிச்சிட்டுப் போறாங்கள். நீ பாத்துக்கொண்டு நிக்கிறாய். ஆர் அந்த அஞ்சு பேர்?"

"பெரியவங்கங்கய்யா."

"எந்தப் பக்கத்துப் பெரியவங்கள்?"

"எல்லாப் பக்கமும் பெரியவங்கதாங்க."

"பேரைச் சொல்லு."

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். "இங்க வச்சுச் சொல்லக் கூடாதுங்கய்யா."

"பயப்பிடுத்தி வைச்சிருக்கிறாங்களோ? எந்த ஊர் அவங்கள்?"

"இந்த ஊருதாங்க. நமக்கெல்லாம் முன்னாடியே இருக்கவங்க."

"கையிலை ஆயுதம் இருந்ததோ?"

"கையில இல்லீங்க." அந்த மனிதருக்குப் பொய் வராது. கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "ஒருத்தருக்கு மட்டும் இருந்துச்சுங்க. ரெண்டு."

அதிகாரி எழுதினார்: ஆயுதம், இரண்டு. பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மேற்பார்வை எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறியள். நீங்களும் கண்டனீங்களோ?"

அந்த இடத்தில் மாஸ்டர் உண்மையைச் சொல்லியிருந்தால் ட்ரக்டர் பெட்டியும் மந்தியும் வெளியே வந்திருக்கும்.

"ஓம்... கண்டனான். நல்ல மரியாதையான ஆக்கள்."

"கதைச்சனீங்களோ?"

"வணக்கம் சொன்னனான்."

"அவை?"

"தலையை ஆட்டினவை."

அதிகாரி அதையும் எழுதினார். அந்த வருடங்களில், காட்டுக்குள் ஐந்து பேர், ஆயுதம் இரண்டு என்று ஒரு காகிதத்தில் எழுதினால் அந்தக் காகிதம் எங்கெல்லாம் போகும், பிறகு யார் யார் வருவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதிய வரியைப் பார்த்ததும் பிளேன்ரீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். காவலாளியின் மனைவிக்கும் தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், கொடியில் கிடந்த உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்களின் கை அப்படித்தான் போகும் என்று இப்போது நினைக்கிறேன்.

"பேர் சொல்லாட்டில் நிரந்தரமும் இல்லை, நாட்கூலியும் இல்லை. இண்டைக்கே வெளிக்கிடவேணும்" என்றார் அதிகாரி.

காவலாளி வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். மூடினார். ஒரு சொல். இரண்டே எழுத்து. அதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அவரால் முடியவில்லை.

அப்போதுதான் நான் முன்னால் வந்தேன். கலியாண வீடுகளில் இந்த இடத்தில் நான் இலையை விட்டு எழுந்து நின்று காட்டுவது உங்களுக்குத் தெரியும். நெஞ்சை நிமிர்த்தி, நடுங்காத குரலில் சொன்னேன்:

"ஐயா, அந்தப் பலகைக்கு அங்காலை வாங்கோ. அங்கை வைச்சுக் கேளுங்கோ. அவர் சொல்லுவார்."

அதிகாரி வந்தார். எல்லோரும் பின்னால் நடந்தோம். காவலாளி பலகையைத் தாண்டி, இரண்டு காலும் வெளியே வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். பெரிய சட்டையின் பின்தலைப்பு இன்னும் காட்டுப் பக்கம் கிடந்தது. அதையும் இழுத்து எடுத்துக்கொண்டார். அதிகாரியின் காதோடு குனிந்து, அந்தச் சொல்லைச் சொன்னார்.

"யானைங்கய்யா."

(எழுத்துக்கும் காது உண்டு என்பதால் நானும் இவ்வளவு நேரம் எழுதாமல் வந்தேன்.)

"மரத்துல ஏறினது கரடிங்க. மண்ணு கிண்டினது காட்டுப்பன்னிங்க. ஆட்காட்டி குருவிதாங்க."

அதிகாரி கையோடு கொண்டு வந்த கொப்பியை விரித்து முதலில் இருந்து வாசித்தார். மீசை அசையவில்லை. பிறகு வயிறு மட்டும் குலுங்கத் தொடங்கியது. கடைசியில் இருந்த 'என் மேற்பார்வையில்' என்ற கையெழுத்துக்கு வந்ததும் மெதுவாக மாஸ்டரைப் பார்த்தார்.

"வணக்கம் சொன்னனீங்கள்?"

மாஸ்டர் குனிந்து சுளுக்குக் காலைத் தடவினார்.

"தலையை ஆட்டினவை?"

அடுத்த தவணை மாஸ்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பிற்பாடு அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்போடு இரக்கமும் வரும். பயத்தில் சொன்ன பொய்தான். நானும் சொல்லாததா?

அதிகாரி கொட்டிலுக்குத் திரும்பி வந்து, ஆயுதம் இரண்டு என்ற வரியைத் தாளோடு கிழித்துப் பையில் போட்டார். நிரந்தரமாக்கும் பத்திரத்தை எடுத்து நிரப்பினார். காவலாளியின் பிரிவில் காணப்படும் விலங்குகள் என்ற இடத்தில் பேனை ஒரு கணம் நின்றது. காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார்: பெரியவர், ஐந்து.

"ஏன் வீண் பிரச்சினை" என்று எங்களுக்குக் கேட்கவே சொன்னார்.

இது நீங்கள் அறிந்த கதை. அறியாதது இனித்தான்.

போன வருடம் அந்தப் பக்கம் போயிருந்தேன். பலகை இல்லை. பலகை நின்ற இடம் எது என்றும் சொல்ல முடியவில்லை. காடு சில இடத்தில் பின்வாங்கியும் சில இடத்தில் முன்னுக்கு வந்தும் இருந்தது. தெருவோரம் ஒரு தேத்தண்ணிக் கடை. கதிரையில் இருந்து, ஒரு நப்பாசையில் கடைக்காரப் பெண்ணைக் கேட்டேன்:

"இஞ்சை பெரியவர் இப்பவும் வாறவரோ?"

தேநீர் ஆற்றிய கை நிற்கவில்லை. "ஓம், விடியக்காலமை வந்தவர். என்ரை வாழைமரம் நாலைச் சாப்பிட்டிட்டுத்தான் போனவர். நீங்கள் அவருக்குச் சொந்தமோ?"

என் வயிற்றைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"உமக்கு உந்தப் பேர் எப்பிடித் தெரியும், தங்கச்சி?"

"அப்பா இஞ்சை காவலுக்கு இருந்தவர். நிரந்தரமா." அந்தச் சொல்லை மட்டும் ஒரு பட்டம்போலச் சொன்னாள். "இடம்பெயர்ந்த இடமெல்லாம் அந்தக் காகிதத்தையும் கொண்டு திரிஞ்சம். அது கிடைச்சதே ஒரு பகிடி. பள்ளிக்கூடப் பெடியன் ஒருத்தன் கொப்பியிலை தாறுமாறா எழுதி, அப்பாவை அண்டைக்கே வெளிக்கிடச் சொல்லிப்போட்டினம். ஒரு கெட்டிக்காரப் பெட்டைதான் 'பலகைக்கு அங்காலை வாங்கோ ஐயா' எண்டு சொல்லிக் காப்பாத்தினவவாம்."

"பெட்டையோ?"

"ஓம். எழுதின பெடியன் பாலை மரத்துக்குப் பின்னாலை நிண்டு குளறி அழுதவனாம். அப்பா கடைசி மட்டும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

ஓம், என் வயதுக்காரர்களே. அப்படித்தான் நடந்தது. மரப்பட்டையின் சொரசொரப்பு நெற்றியில் இருந்தது, வாய்க்குள் பாலைப்பழப் பிசின் இருந்தது, அவள் குரல் எனக்கு முதுகுப் பக்கமிருந்து கேட்டது. நாற்பது வருடமாக அந்த வசனத்தை நான் களவாடிச் சொல்லி வந்தேன். மச்சாள், நான் எழுந்து நின்று காட்டும் போதெல்லாம் நீ இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாயே, ஒரு நாளாவது திருத்தியிருக்கலாமே?

தேநீரை முன்னால் வைத்துவிட்டு அந்தப் பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

"அது சரி, நீங்கள் ஆர்?"

பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். தெருவைப் பார்த்தேன், காட்டைப் பார்த்தேன்.

"சொல்லக் கூடாது, தங்கச்சி. பலகையைக் காணேல்லை. நான் உள்ளுக்கு இருக்கிறனோ வெளியிலை இருக்கிறனோ தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பாலை மரம் இப்பவும் நிக்குது, அண்ணை. பாக்கப் போறீங்களோ?"